இன்ஜினைத் தாலாட்டாதீர்கள்

(சென்ற மாதம் நம் மொட்டை மாடியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன ஓரிரு விவரங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



என்னைப் பெயர் சொல்லித் தெரியாதவர்களுக்கும் என் காரைத் தெரியும். ஸ்டில்ட் பார்க்கிங்கில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் பச்சைக் கவர் போட்டு நிற்கிறதே, அந்தப் பழைய ஃபியட். அதன் இன்ஜினைச் சமீபத்தில் முழுதாகப் பிரித்து, போர் செய்து, புது பிஸ்டன், புது ரிங் போட்டு மறுபடி பூட்டியிருக்கிறேன். அதன் பிறகு சில வாரங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதையும், ஈ.சி.ஆரில் அதைக் கொஞ்சம் முறுக்கி ஓட்டுவதையும் நம்மில் சிலர் பார்த்திருக்கிறார்கள். "புது இன்ஜினைப் போய் இந்த அங்கிள் ஏன் இப்படி விரட்டுகிறார்?" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

செயலாளர் அதைப் பார்த்துவிட்டு, "சார், இதையே நம்ம கூட்டத்துல சொல்லுங்க. நம்ம ஜெனரேட்டரும் இப்பதானே ஓவர்ஹால் ஆகி வந்திருக்கு" என்றார். காருக்கும் ஜெனரேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறீர்களா? இருக்கிறது, வருகிறேன். முதலில் கார்.

இது பிரீமியர் பத்மினி. இத்தாலியின் ஃபியட் 1100 காரை பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் தயாரித்து, பிற்பாடு பத்மினி என்று பெயர் வைத்தது. பம்பாயில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடியதும் இதுதான். அந்த டாக்ஸிகளின் காலம் 2023 அக்டோபரோடு முடிந்தது. நான்கு சிலிண்டர், 1089 சி.சி. சிலிண்டரின் விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மில்லிமீட்டர். இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் சாதாரண இன்ஜின். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. நாம் தவறு செய்தால் எச்சரிக்க அதில் ஒன்றுமே கிடையாது என்பதுதான் இதில் முக்கியம்.

பழைய இன்ஜின் தேய்ந்துவிட்டால் என்ன செய்கிறார்கள்? பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், நான்கு சிலிண்டர்களையும் ஒரு சுற்றுப் பெரிதாகக் கடைகிறார்கள். அதுதான் போரிங். என் வண்டியில் 68-ல் தொடங்கிய துளை ஒருமுறை 68.4 ஆகி, இப்போது 68.6 ஆகியிருக்கிறது. கடைந்த பிறகு ஹோனிங் என்று ஒரு வேலை. சாணைக் கற்கள் பொருத்திய ஒரு கருவியைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் இழுப்பார்கள். வேலை முடிந்ததும் சிலிண்டரின் உட்சுவரைப் பார்த்தால் பளபளப்பாக இருக்காது. கோடு கோடாக, குறுக்கும் நெடுக்குமாக, மெல்லிய வலை விரித்தாற்போல இருக்கும். முதல் தடவை பார்த்தபோது, "என்ன பாய், இவ்வளவு காசு வாங்கிட்டு கீறல் போட்டு வெச்சிருக்காங்க?" என்று நானே கேட்டேன்.

அந்தக் கீறல்தான் உயிர். ஒவ்வொரு கோடும் ஒரு நுண்ணிய வாய்க்கால். அதில் எண்ணெய் தங்கும். கோடுகளுக்கு இடையில் இருக்கும் மேடுகள் அரத்தின் பல் போலக் கூர்மையாக இருக்கும். பிஸ்டனில் மாட்டியிருக்கும் ரிங் இந்த மேடுகளில் உராய்ந்து, மேடும் தேய்ந்து, ரிங்கின் விளிம்பும் தேய்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று அச்சுப்போல் பொருந்த வேண்டும். லேத்தில் என்னதான் துல்லியமாகக் கடைந்தாலும் இந்தக் கடைசிப் பொருத்தத்தை எந்த மிஷினும் செய்து தராது. இன்ஜினே ஓடி ஓடித் தனக்குத்தானே செய்துகொள்ள வேண்டிய வேலை அது. இதைத்தான் ரன்னிங் இன் என்கிறோம். அந்தக் காலத்தில் புது வண்டியின் பின்கண்ணாடியில் "ரன்னிங் இன்" என்று எழுதி ஒட்டிக்கொண்டு மெதுவாகப் போவார்கள், பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்த அட்டையைப் பார்த்துத்தான் நாமெல்லாம் கெட்டுப்போனோம் என்று நினைக்கிறேன். ரன்னிங் இன் என்றால் மெதுவாகப் போவது என்று மட்டும் மனதில் பதிந்துவிட்டது.

என் கதையைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. 2011-ல் இந்த இன்ஜினை முதல்முறை பிரித்தோம். மொத்தம் 28,000 ரூபாய் செலவு. வண்டியை என்னிடம் கொடுக்கும்போது அந்த மெக்கானிக் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது: "சார், நாளைக்கே எடுத்துக்கிட்டு மதுராந்தகம் வரைக்கும் போய்ட்டு வாங்க. நிறுத்தி வெச்சிடாதீங்க." நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் மனம் வரவில்லை. 28,000 ரூபாய் செலவழித்த இன்ஜினை மறுநாளே ஹைவேயில் விரட்டுவதா? என்ன செய்தேன் தெரியுமா? தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, நம் பார்க்கிங்கிலேயே வண்டியை ஸ்டார்ட் செய்து, அரைமணி நேரம் ஐட்லிங்கில் விட்டுவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பேன். பூஜை மாதிரி இரண்டு வாரம் செய்தேன். பிறகு தாம்பரம் வரை போனேன், டாப் கியரில் 40-க்கு மேல் போகாமல். இன்ஜின் முனகும், நான் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே போவேன்.

2,000 கிலோமீட்டர் ஆனபோது சைலன்சரில் நீலப்புகை. ஐநூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குடித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த மெக்கானிக்கிடம் போய்ச் சத்தம் போட்டேன். மட்டமான ரிங் போட்டுவிட்டாய் என்றேன். அவர் பெரிதாக எதிர்த்துப் பேசவில்லை, "ஓட்டுனீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். "தினமும்தான் ஓட்டினேன்" என்றேன். அதுவும் பொய் இல்லை பாருங்கள். அவருக்குத் தரவேண்டிய பாக்கி 3,500 ரூபாயைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு வேறொருவரிடம் போனேன். நான் பாய் பாய் என்று சொல்கிறேனே, அவர். பழைய ஃபியட், அம்பாசடர் வேலை மட்டுமே செய்பவர். அவர் ஹெட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி மின்னியது. வலைக்கோடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. "பளபளன்னு நல்லாத்தானே பாய் இருக்கு?" என்றேன். "அதான் சார் வியாதி" என்றார். ரிங்கைக் கையில் எடுத்து விளிம்பைக் காட்டினார். புதிதாக வாங்கியபோது இருந்த அடையாளம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டரில் அது சுவரோடு சேரவே இல்லை. "வண்டிய சோம்பேறியா வளத்துட்டீங்க சார்" என்றார்.

அன்று அவர் சொன்னதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ரிங் தன் சொந்த விறைப்பால் மட்டும் சுவரை அழுத்துவதில்லை. அந்த விறைப்பு மிகக் குறைவு. பெட்ரோல் எரியும்போது மேலே உண்டாகும் வாயு அழுத்தம், பிஸ்டனில் ரிங் உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்குள் புகுந்து, ரிங்கின் முதுகுக்குப் பின்னால் போய், அதை வெளியே தள்ளுகிறது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்களோ அவ்வளவு அழுத்தம், அவ்வளவு அழுத்தமாக ரிங் சுவரில் உராயும். ஐட்லிங்கில் அந்த அழுத்தம் இல்லை. ரிங் எண்ணெய்ப் படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போய்வரும். மேடு தேயாது. அதற்குள் சுவரில் இருக்கும் எண்ணெய் சூட்டில் வெந்து, வார்னிஷ் போலப் படிந்து, வாய்க்கால்களை அடைத்துவிடும். தோசைக்கல்லில் எண்ணெய் ஏறி வழவழப்பாவது போல. தோசைக்கல்லுக்கு அது நல்லது, சிலிண்டருக்கு ஆகாது. ஒருமுறை அப்படிப் படிந்துவிட்டால் பிறகு எவ்வளவு விரட்டினாலும் பயனில்லை. மறுபடி பிரித்துத்தான் ஆக வேண்டும்.

மறுபடி பிரித்தோம். நல்லவேளை, போர் செய்ய வேண்டியிருக்கவில்லை. லேசாக ஹோனிங் போட்டு, புது ரிங் மாட்டினார் பாய். 9,000 ரூபாய் தண்டச்செலவு. இந்த முறை அவரே பக்கத்தில் உட்கார்ந்து என்னை மதுராந்தகம் வரை ஓட்ட வைத்தார். அதே மதுராந்தகம். திரும்பி வரும் வழியில் பழைய மெக்கானிக்கின் ஷெட் முன்னால் நிறுத்தச் சொல்லி, 3,500 ரூபாயைக் கொடுத்தேன். கவுண்ட்டரில் முப்பது வருஷம் பணம் எண்ணியவன் நான், அந்த ஏழு ஐநூறு ரூபாய்த் தாளை எண்ணிக் கொடுக்கும்போது பட்ட கூச்சம் எப்போதும் பட்டதில்லை. அவர் எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு, பானெட்டைத் திறந்து, சத்தத்தைக் கேட்டார். "இப்ப சரியா இருக்கு சார்" என்றார். அதற்கப்புறம் நான்கைந்து வருஷம் பஞ்சர், பிரேக் வேலைக்கெல்லாம் அவரிடமே போனேன். ஷெட்டை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

அந்த இன்ஜின் பதின்மூன்று வருஷம் நன்றாக ஓடியது. சென்ற கோடையில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, நான் கவனிப்பதற்குள் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொண்டது. எனவே இந்த முறை மறுபடி எல்லாம் முதலிலிருந்து. செலவு 74,000. வீட்டில் இந்த எண் முழுதாகத் தெரியாது, இதழில் போடும்போது செயலாளர் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். போட்டுவிட்டார் என்றால் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி, இந்த முறை என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பழைய கார், பழைய புல்லட், எது வைத்திருந்தாலும் அடிப்படை இதுதான்.

முதல் ஸ்டார்ட்டை நம் வளாகத்தில் செய்யவில்லை. பாயின் ஷெட்டில், திறந்தவெளியில் செய்தோம். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினார். பிளக் இல்லாததால் இன்ஜின் சுலபமாகச் சுற்றும், பேரிங் மேல் பாரம் விழாது, ஆனால் எண்ணெய் பம்ப் வேலை செய்யும். டாஷ்போர்டில் எண்ணெய் அழுத்தத்தின் சிவப்பு விளக்கு அணையும்வரை இதைச் செய்தார். அதன்பிறகுதான் பிளக் மாட்டினார். டைமிங் முன்பே சரியாக வைத்தாகிவிட்டது, கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பியாகிவிட்டது. ஏனென்றால் சாவி திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் பத்து நிமிடம் கிர்ர் கிர்ர் என்று இழுத்துக்கொண்டிருந்தால் புது கேம் ஷாஃப்ட் அங்கேயே கெட்டுவிடும்.

கேம் ஷாஃப்ட் என்று சொன்னேன். ரிங்குக்கு அடுத்தபடி பயப்பட வேண்டிய இடம் அது. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. அதன் மேட்டுப் பகுதிகள் டாப்பெட் என்னும் தட்டையான கட்டைகளின் அடியில் உரசிக்கொண்டே சுற்றும். அந்தச் சிறிய இடத்தில் விழும் அழுத்தம் மிகப் பெரியது. பழைய இன்ஜின்கள் பலவற்றில் அந்த இடத்துக்குத் தனியாக எண்ணெய்க் குழாய் கிடையாது. கீழே கிராங்க் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும்போது வாரி இறைக்கும் எண்ணெய்தான் அதற்குக் குடிநீர். ஐட்லிங்கில் அது போதாது. அதனால் ஸ்டார்ட் ஆன நொடியே வேகத்தை 2,000 சுற்றுக்கு ஏற்றி, 2,000-க்கும் 2,500-க்கும் நடுவில் ஏற்றி இறக்கி, இருபத்தைந்து நிமிடம் வைத்திருந்தார் பாய். ஒரே வேகத்தில் நிறுத்தவில்லை. முன்னால் பெரிய ஃபேன் ஒன்று ரேடியேட்டரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. டெம்பரேச்சர் முள்ளிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. புது இன்ஜின் இறுக்கமாக இருக்கும், வழக்கத்தைவிடச் சூடாகத்தான் ஓடும். அளவு மீறினால் அணைத்துவிட்டு ஆறவிட வேண்டும், பதறிப்போய்ப் பச்சைத்தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

இருபத்தைந்து நிமிடம் முடிந்ததும் அணைத்து, எண்ணெய் சூடாக இருக்கும்போதே முழுதும் இறக்கினார். புது எண்ணெய், அரைமணி நேரம்கூட ஓடவில்லை, கொட்டுகிறாரே என்று என் வயிறு எரிந்தது. ஒரு வெள்ளைத் துணியில் அதைத் தேய்த்து வெயிலில் பிடித்தார். ஜிகினாத்தூள் தூவியதுபோல் மினுமினுத்தது. எல்லாம் இரும்புத் துகள். உரசிப் பொருந்தும்போது உதிர்ந்தது. அது உள்ளேயே சுற்றினால் பேரிங்கை அறுக்கும். அதனால் முதல் எண்ணெய் உடனே, அடுத்தது 500 கிலோமீட்டரில், அதற்கடுத்தது 1,500-ல். எண்ணெயில் சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல. மறுநாள் இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு ஹெட் போல்ட்டுகளை வரிசைப்படி மறுபடி முறுக்கி, டாப்பெட் இடைவெளியும் சரிபார்த்தார். முதல் சூட்டில் கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

எந்த எண்ணெய் என்று கூட்டத்துக்குப் பிறகு மூன்று பேர் கேட்டார்கள். சாதாரண மினரல் எண்ணெய், 20டபிள்யூ-40. என் மகன் பெங்களூரிலிருந்து வரும்போது ஆசையாக விலை உயர்ந்த சிந்தெடிக் எண்ணெய் ஒரு கேன் வாங்கி வந்தான். "அப்பா, புது இன்ஜினுக்குப் பெஸ்ட்" என்றான். அதைப் பரணில் போட்டு வைத்திருக்கிறேன். அது உராய்வை மிக நன்றாகக் குறைக்கும். ஆனால் ரிங் பொருந்தும்வரை நமக்குக் கொஞ்சம் உராய்வு வேண்டும். இன்னொன்று, தட்டை டாப்பெட் வைத்த பழைய இன்ஜின்களுக்கு எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு மருந்து தேவை. உலோகம் உலோகத்தில் உரசும் இடத்தில் அது ஒரு தோல் போலப் படிந்து காக்கும். அதிலுள்ள பாஸ்பரஸ் இன்றைய கார்களின் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால், புதிய கார்களுக்கான மெல்லிய எண்ணெய்களில் அதன் அளவைக் குறைத்துவிட்டார்கள். இன்றைய காருக்கு அது சரி. அதே எண்ணெயை எடுத்து நாற்பது வருஷப் பழைய இன்ஜினில் ஊற்றக்கூடாது, அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தம்பியின் கேள்வி. ஈ.சி.ஆரில் நான் செய்தது இது. திருவான்மியூர் தாண்டி, போக்குவரத்து குறைந்ததும், மூன்றாவது கியரில் 35-லிருந்து 55 வரை ஆக்ஸிலரேட்டரை நன்றாக, ஆனால் முழுதாக அல்ல, மிதித்து ஏற்றுவது. 55 வந்ததும் காலை முழுதாக எடுத்துவிடுவது. பிரேக் போடாமல், கியரிலேயே, வண்டி தானாக 35-க்கு இறங்கும்வரை விடுவது. மறுபடி ஏற்றுவது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. பிறகு டாப் கியரில் 50-க்கும் 70-க்கும் நடுவில் இதே மாதிரி. மிதிக்கும்போது வாயு அழுத்தம் ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. காலை எடுத்ததும் சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, கீழேயிருந்து எண்ணெயை மேலே இழுக்கிறது. அந்த எண்ணெய் ரிங்கைக் குளிர்வித்து, உதிர்ந்த துகளைக் கழுவிக்கொண்டு போகிறது. அம்மியில் அரைப்பவர்கள் நாலு தேய்ப்புக்கு ஒருதரம் தண்ணீர் தெளித்துக்கொள்வார்களே, அதே கணக்கு. பின்னால் வருபவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அதனால்தான் ஐந்து மணிக்கே போனேன்.

சுமை கொடுங்கள் என்றால் சித்திரவதை செய்யுங்கள் என்று அர்த்தம் இல்லை. டாப் கியரில் 30-ல் போய்க்கொண்டு மேம்பாலம் ஏறுவது, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு முதல் வாரமே கொடைக்கானல் போவது, இன்ஜின் அலற அலறக் கியர் மாற்றாமல் இழுப்பது, எல்லாமே கெடுதல். ஹைவேயில் ஒரே வேகத்தில் இரண்டு மணி நேரம் போவதும் முதல் 500 கிலோமீட்டருக்குக் கூடாது. நீங்கள் இன்று ஷோரூமிலிருந்து எடுக்கும் புது காரின் கையேட்டிலும் பார்க்கலாம், முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதே, முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதே என்று பெரும்பாலும் போட்டிருக்கும்.

ஒரு நோட்டுப் போட்டேன். பி.காம். படித்தவனுக்கு நோட்டுப் போடாமல் தூக்கம் வராது. தேதி, கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெய், டெம்பரேச்சர். முதல் 500 கிலோமீட்டரில் 300 மில்லி எண்ணெய் குறைந்தது. அடுத்த ஆயிரத்தில் 200. அதற்கடுத்த ஆயிரத்தில் டிப்ஸ்டிக்கில் கோடு அசைந்ததாகத் தெரியவில்லை. ரிங் உட்கார்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனாலும் பாய் கம்ப்ரஷன் பார்த்தார். நான்கு சிலிண்டருக்கும் நடுவில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது கணக்கு. எங்களுக்கு ஐந்துக்குள் இருந்தது.

இனி, முதல் ஸ்டார்ட்டை இங்கே செய்யாததற்கான காரணம். 2011-ல் நான் தினமும் அரைமணி நேரம் நம் பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிட்டேன் என்றேன் அல்லவா? நம் ஸ்டில்ட் மூன்று பக்கம் சுவர். மேலே முதல் மாடிப் படுக்கையறை ஜன்னல்கள். என் காரில் கன்வர்ட்டர் கிடையாது. அது கக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நமக்குத் தெரியும் வாடை எரியாத பெட்ரோலுடையது, ஆளைக் கொல்வது அது அல்ல. அன்று இன்ஜினை மட்டும் கெடுத்துக்கொண்டதாக நினைத்தேன். மேலே குடியிருந்தவர்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசிக்கவே இல்லை. அப்போது முதல் மாடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருந்தது. அந்த அம்மா ஒருநாள் வந்து, "அங்கிள், கொஞ்சம் வெளியில வெச்சு ஓட்றீங்களா?" என்று கேட்டபோது எனக்குக் கோபம்கூட வந்தது. அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். அதனால் இங்கே இருக்கும் உங்களிடம் அந்த மன்னிப்பைக் கேட்டுக்கொள்கிறேன். யாராக இருந்தாலும், எந்த வண்டியாக இருந்தாலும், பார்க்கிங்கில் ஸ்டார்ட் செய்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

கடைசியாக நம் ஜெனரேட்டர். 62.5 கே.வி.ஏ. டீசல். சென்ற மாதம் ரிங், லைனர் மாற்றி வந்திருக்கிறது. நம் எல்லோருடைய பராமரிப்புக் கட்டணமும் அதில் போயிருக்கிறது. வந்ததிலிருந்து என்ன செய்கிறோம்? சனிக்கிழமை தோறும் செக்யூரிட்டி அண்ணன் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து, சத்தம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அணைத்துவிடுகிறார். லோடு எதுவும் கொடுப்பதில்லை. கரன்ட்தான் இப்போது அதிகம் போவதில்லையே. அதாவது 2011-ல் நான் பேப்பர் படித்துக்கொண்டே செய்த அதே தப்பு. அவர்மேல் குற்றம் இல்லை, நாம் சொன்னதைத்தான் செய்கிறார்.

டீசலில் இது இன்னும் மோசம். சுமை இல்லாவிட்டால் உள்ளே சூடு ஏறாது, டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசலும் கரியும் எண்ணெயும் கலந்து சைலன்சர் பக்கம் கறுப்புப் பிசினாக வழியும். சிலிண்டர் சுவரும் என் ஃபியட்டில் ஆனதுபோல் வழவழப்பாகிவிடும். அவசரத்தேவை ஜெனரேட்டர்களுக்கான அமெரிக்கத் தரநிலை என்.எஃப்.பி.ஏ. 110, மாதம் ஒருமுறை 30 நிமிடமாவது, குறைந்தது 30 சதவீதச் சுமையில் ஓட்டச் சொல்கிறது. நம்முடையதற்கு 30 சதவீதம் என்றால் சுமார் 15 கிலோவாட். இரண்டு லிஃப்ட், போர் மோட்டார், சம்ப் மோட்டார், பொது விளக்குகள் எல்லாம் சேர்ந்தால் அதைத் தாண்டும் என்று நம் எலக்ட்ரீஷியன் சொல்கிறார். காரைப்போல் வேகத்தை ஏற்றி இறக்க முடியாது, ஜெனரேட்டர் எப்போதும் 1,500 சுற்றிலேயே ஓடும். அதனால் சுமையைத்தான் ஏற்றி இறக்க வேண்டும். மோட்டார்களைப் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து அணைத்து, மறுபடி போட்டு.

கமிட்டி இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. இனி சனிக்கிழமைப் பத்து நிமிடம் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை 11 மணியிலிருந்து 11.45 வரை பொது இணைப்புகள் ஜெனரேட்டரில் ஓடும். மாற்றும்போது லிஃப்ட் ஒரு நிமிடம் நிற்கும், 10.55-லிருந்து 11.05 வரை தயவுசெய்து படியில் ஏறி இறங்குங்கள். செக்யூரிட்டி அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஓடிய மணி, சுமை, எண்ணெய் மட்டம், புகையின் நிறம், நான்கே கட்டம். முதல் மூன்று மாதம் நானே வந்து எழுதுகிறேன். அதன் பிறகு ஏ பிளாக்கிலிருந்து ஒருவர், பி பிளாக்கிலிருந்து ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். அந்தக் கேள்வி கேட்ட தம்பி ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.